மலைக்குப் போய்த்தான் ஓட வேண்டுமா?

எங்கள் தாயில்பட்டி டீக்கடையில் கொஞ்ச நாளாக ஒரு கேலி நடந்துகொண்டிருக்கிறது. வெடி ஆபீஸில் வேலை பார்க்கும் நாலைந்து பையன்கள் ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே பைக்கில் மேற்கே கிளம்பிவிடுகிறார்கள். சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி செண்பகத்தோப்பு வரை போகிறார்கள். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடுகிறார்கள். ஓடி முடித்து, வழியில் இட்லி சாப்பிட்டுவிட்டு, பதினோரு மணிக்குள் ஊருக்கு வந்துவிடுகிறார்கள். "ஓடுறதுக்குப் பெட்ரோல் போட்டுக்கிட்டுப் போற கூட்டத்தை இப்பத்தான்யா பாக்குறேன்" என்கிறார் ஒருவர். "ஆறு நாள் பாக்குற வேலை பத்தாதாக்கும்" என்கிறார் இன்னொருவர்.

எனக்கு இந்தக் கேலியில் உடன்பாடு இல்லை. அதற்காக எல்லாரும் மலையைப் பார்த்து ஓடுங்கள் என்று சொல்லவும் நான் வரவில்லை. இதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைச் சொல்லிவிடுகிறேன். பிடித்தவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த "வேலை பத்தாதா" என்ற கேள்வி. நான் முப்பத்தொரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். தோல்பையை மாட்டிக்கொண்டு, கூட்டத்துக்குள் முன்னும் பின்னுமாக நடந்தே காலத்தைக் கழித்தேன். அதனால் எங்கள் ஜாதி பஸ்காரர்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி எனக்கு எப்போதும் பிரியமானது. லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்றொரு டாக்டர் இருந்தார். மாடி பஸ்களில் வேலை பார்த்த டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே ஊர், ஒரே டிப்போ, ஏறக்குறைய ஒரே மாதிரிக் குடும்பங்கள். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் மேலும் கீழுமாகப் படி ஏறி இறங்கி டிக்கெட் போடுவார். மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகமாக வந்திருந்தது. 1953-ல் இதை லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். அதோடு விடவில்லை. யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்த கணக்கை வாங்கிப் பார்த்து, டிரைவர்களின் இடுப்பளவு பெரிதாக இருக்கிறது என்பதையும் 1956-ல் எழுதினார். எங்கள் டிப்போவுக்கு வந்திருந்தால் கணக்கே தேவைப்பட்டிருக்காது, கண்ணாலேயே அளந்திருக்கலாம். (டிரைவர் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

அதற்குப் பிறகு மாரிஸ் இன்னொரு காரியம் செய்தார். அரசாங்க ஆபீஸ்களில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். வேர்க்க விறுவிறுக்கப் பயிற்சி செய்கிறவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று தெரிந்தது. அவரும் சும்மா எழுதிவிட்டுப் போகவில்லை. தானும் ஓடினார், நீந்தினார். 1910-ல் பிறந்தவர் 2009-ல்தான் போய்ச் சேர்ந்தார்.

"சரி அண்ணாச்சி, அது உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு. நம்ம ஆளுக உழைப்பாளிக" என்று என் பழைய டிரைவர் ஒருவர் சொன்னார். நம்ம ஆட்களின் உழைப்பு எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பாருங்கள். என் தகப்பனார் காலத்தில் பருத்திக் காட்டுக்குப் போக மூன்று மைல் நடை, வர மூன்று மைல் நடை. குனிந்து களை எடுப்பது, சுமை தூக்குவது, கமலை இறைப்பது. இப்போது வீட்டு வாசலுக்கு ஆபீஸ் வண்டி வருகிறது. ஏறி உட்கார்ந்தால் ஆலை வாசலில் இறக்கிவிடுகிறது. உள்ளே போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், குழாயில் மருந்து அடைப்பது, திரி செருகுவது, சரம் பின்னுவது, பெட்டி போடுவது. பீஸ் கணக்கில் கூலி. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால்கூட அந்த நேரத்துக்கு எண்ணிக்கை குறையும். அதனால் எழுந்திருக்க மாட்டார்கள். சாயங்காலம் வண்டியில் இருந்து இறங்கும் பெண்களைப் பாருங்கள். நாற்பது வயதில் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள். என் பஸ்ஸில் ஏறிய காலத்திலேயே படியில் காலைத் தூக்கி வைக்க முடியாமல் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறுவார்கள்.

களைப்பு வேறு, பயிற்சி வேறு என்று டென்மார்க்கில் ஹோல்டர்மன் என்ற ஆய்வாளரும் அவரோடு இருப்பவர்களும் பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைப்பதால் கிடைக்கும் நன்மை, கூலிக்காக உடம்பை அசைப்பதில் அப்படியே கிடைப்பதில்லை என்பது அவர்கள் கண்டது. வேலையில் நம் இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது, இளைப்பாற முடியாது, ஒரே அசைவையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இதைப் புரிந்துகொள்ள டென்மார்க் வரை போக வேண்டியதில்லை. ஒரு நாள் சரம் பின்னிப் பார்த்தால் போதும்.

ஆகவே உடம்புக்காக அந்தப் பையன்கள் ஓடுவது நியாயம்தான். ஆனால் அவர்கள் போவது உடம்புக்காக மட்டும் இல்லை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பகலில் பெரிதாக ஒரு சத்தம் கேட்டால் நாங்கள் முதலில் வானத்தைப் பார்ப்போம். எந்தத் திசையில் புகை எழும்புகிறது என்று பார்ப்போம். ஆட்டுக்கல்லில் கை நிற்கும். தெருவில் எல்லா வீட்டுக் கதவும் திறக்கும். "எந்த ஆபீஸ்?" என்ற ஒரே கேள்விதான் எல்லார் வாயிலும். ஆளாளுக்கு போன் போடுவதால் லைன் கிடைக்காது. நான் வேலை பார்த்த நாட்களில், பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டால் டிரைவர் யாரும் சொல்லாமலே வேகத்தைக் குறைத்துவிடுவார். உள்ளே அத்தனை தலையும் ஒரே பக்கமாகத் திரும்பும். சில சமயம் அது கல் குவாரியாக இருக்கும். சில சமயம் வெறும் இடியாக இருக்கும். அது தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள்.

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. நாற்பது பேரை ஒட்டி உயிர் போனது. அவர்களில் முதல் சத்தம் கேட்டு உதவி செய்ய ஓடியவர்களும் இருந்தார்கள், என்ன என்று பார்க்க ஓடியவர்களும் இருந்தார்கள். எங்கள் ஊர்களில் ஓட்டம் என்றால் இந்த ஞாபகமும் சேர்ந்தே வரும்.

அந்தப் பையன்களில் ஒருவன் எனக்கு மருமகன் முறை. மருந்துக் கலவைப் பக்கம் வேலை. விரல் இடுக்கில் அலுமினியப் பவுடர் எப்போதும் மினுங்கும், எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. "அவ்வளவு தூரம் எதுக்குடா போறீங்க, இங்கேயே ரோட்டுல ஓடலாமே" என்று கேட்டேன். "ஆபீஸ்ல ஓடக் கூடாது மாமா. வேகமா நடந்தாலே போர்மேன் சத்தம் போடுவாரு. மருந்துப் பக்கம் எல்லாமே மெதுவாத்தான். வெளியே வந்தாலும் அந்த மெதுவு உடம்பை விட்டுப் போக மாட்டேங்குது. அங்க போனா கால் தானா ஓடுது" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றும் சொன்னான். "அங்க ஓடுறப்போ பின்னாடி என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பாக்கத் தோணாது."

டீக்கடையில் கேலி செய்பவர்களிடம் நான் இதைச் சொன்னேன். அதற்கு மேல் யாரும் ஒன்றும் பேசவில்லை. டீ ஆறிவிட்டது என்று ஒருவர் இன்னொரு டீ சொன்னார்.

தினப்பாட்டில் இருந்து தப்பித்துப் போவதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கும் பழக்கம் நம் தலைமுறைக்கு உண்டு. கோவிலுக்குப் போகிறேன் என்றால் தப்பில்லை, சும்மா மலைக்குப் போகிறேன் என்றால் "என்ன வேலை வெட்டி இல்லையா?" நாம் சதுரகிரிக்குப் போனோமே, அதில் சாமி பாதி, மலை பாதி என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல வேண்டும். வத்திராயிருப்புப் பக்கம் தாணிப்பாறையில் இறங்கி, வழுக்குப் பாறை, சங்கிலிப் பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பு என்று ஒவ்வொன்றாகத் தாண்டி ஏறும்போது வீட்டுக் கடனும் பெண் கல்யாணமும் அடிவாரத்திலேயே நின்றுவிட்ட மாதிரி இருக்கும். ஓடைத் தண்ணீரில் முகம் கழுவினால் பத்து வயது குறைந்துவிடும். எங்களை விட வேகமாக, தலையில் அரிசி மூட்டையோடு, அந்த ஊர்ச் சுமைக்காரர்கள் தாண்டிப் போவார்கள். எதிரே டோலியோடு இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்போம். அவர்கள் கால் பாறையில் பதியும் விதத்தைப் பார்த்தால், மலை ஓட்டம் என்றால் என்ன என்று வெளிநாட்டுக்காரன் வந்து நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் அவர்களுக்கு அது தப்பித்தல் இல்லை, கூலி.

இங்கேதான் என் அபிப்பிராயத்தின் மறுபாதி வருகிறது. மலையை நான் நேசிக்கிறேன், ஆனாலும் அதை ஓட்ட மைதானமாக நினைப்பது சரியில்லை. செண்பகத்தோப்புக் காடு சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாக இருந்து, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது. யானை நடமாட்டம் உண்டு. பளியர் குடும்பங்கள் அங்கே காலங்காலமாக இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போகக் கூடாது என்று. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடுகிறவனுக்குத் தெரியாது. எங்கள் பையன்கள் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமே ஓடித் திரும்புகிறார்கள், அதனால் பிரச்சினை இல்லை. நாளைக்கு நாலு பேர் நாற்பது பேர் ஆனால் அப்படி இருக்குமா?

மலை கோபித்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2015 மே மாதம் சதுரகிரிக்கு அமாவாசைக்குப் போனவர்கள் திடீர் வெள்ளத்தில் சிக்கினார்கள், உயிர்கள் போயின. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டு 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் என்று 40 பாதைகளைத் திறந்தார்கள். முன்பதிவு செய்ய வேண்டும், பணம் கட்ட வேண்டும், உள்ளூர் இளைஞர்களும் மலைவாழ் மக்களும் வழிகாட்டிகளாகக் கூட வருவார்கள். தீப்பிடிக்கும் மாதங்களில் மூடிவிடுவார்கள். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது வருஷத்துக்கு ஒரு தரம் குடும்பத்தோடு போய்வருவதற்கு. சரம் பின்னும் பெண் தன் முட்டிக்காகவும் மனசுக்காகவும் தினம் போவதற்கு அல்ல.

மலை ஓட்டத்தைப் பற்றிப் படிக்கப் போய் எனக்கு மிகவும் பிடித்துப்போன ஒரு மனிதர், இங்கிலாந்தில் ஏரிகளும் மலைகளும் நிறைந்த பகுதியில் வாழ்ந்த ஜாஸ் நெய்லர். 1936-ல் பிறந்தவர். தொழில் ஆடு வளர்ப்பு. நம்மூர்க் கீதாரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன், கிடை மட்டும் போடவில்லை. இளம் வயதிலேயே முதுகு கெட்டுப்போய் ஆபரேஷன் செய்துகொண்டவர். அவர் பெயரை அந்த நாட்டில் மலை ஓட்டக்காரர்கள் சாமி பெயர் மாதிரிச் சொல்கிறார்கள். ஐம்பது வயதில் 214 மலைகளை ஏழு நாட்களில் ஓடி முடித்தார். அறுபது வயதில் 60 சிகரம், எழுபது வயதில் 70 சிகரம். 2024-ல் காலமானார். இதைப் படித்துவிட்டு என் வீட்டம்மாவிடம் சொன்னேன். "உங்களுக்கு மாடிப்படி ஏறுனாலே மூச்சு வாங்குது, முதல்ல அதைப் பாருங்க" என்றாள்.

நெய்லரிடம் எனக்குப் பிடித்தது அந்த எண்ணிக்கை இல்லை. அவர் ஓடிய மலை அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஆட்டைத் தேடி ஏறிய அதே மலை. எங்கேயோ கிளம்பிப் போய் அவர் ஓடவில்லை. நமக்கு வீட்டுக்குப் பின்னால் இருப்பது கரிசல் காடு. வானம் தெளிந்த நாளில், முக்கியமாக மழை பெய்து ஓய்ந்த மறுநாள், மேற்கே மலை நீலக் கோடாகத் தெரியும், அவ்வளவுதான். இங்கே நிலத்தில் மேடு என்று ஒன்று இருக்கிறதென்றால் அது கண்மாய்க் கரை.

அதற்கு வரும் முன் ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெண் பிள்ளை போலீஸ் வேலைக்குப் படிக்கிறாள். அம்மா வெடி ஆபீஸ், அப்பா இல்லை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்தில் ஓட வேண்டும். ஆண்கள் 1500 மீட்டரை ஏழு நிமிஷத்தில் ஓட வேண்டும். எழுத்துத் தேர்வுக்குப் படிக்க நூலகம் இருக்கிறது, போன் இருக்கிறது. ஓடிப் பழக இடம் இல்லை. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது, வேலை நேரத்துக்கு முன்னும் பின்னும் பூட்டிவிடுகிறார்கள். அதனால் அந்தப் பிள்ளை விடியற்காலை நாலே முக்காலுக்கு மெயின் ரோட்டில் ஓடுகிறாள். அவள் அம்மா பின்னாலேயே டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில், லைட்டைப் போட்டுக்கொண்டு, மெதுவாக வருகிறார். ஐந்தரைக்குத் திரும்பிச் சமைத்து, ஏழு மணிக்கு ஆபீஸ் வண்டி பிடிக்க வேண்டும். "அண்ணே, வண்டிச் சத்தம் கேட்டா அவளை ஓரமாப் போன்னு கத்துவேன். ஆனா இந்த ரோட்டுல ஓரம் எங்கண்ணே இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். அட்டைப் பெட்டி ஏற்றிய லாரி, ஆள் ஏற்றப் போகும் வேன், கலவை மணல் டிப்பர், எல்லாம் அந்த நேரத்தில்தான் ஓடுகின்றன. இருபுறமும் சீமைக்கருவேலம் தார் வரை வந்து நிற்கிறது.

பௌஜா சிங் என்ற பஞ்சாபிப் பெரியவரை நீங்கள் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் தலைப்பாகை, வெள்ளைத் தாடி. மகன் விபத்தில் இறந்த துக்கத்தில் இருந்து மீள ஓட ஆரம்பித்தவர். 89 வயதில் லண்டன் மாரத்தான் ஓடினார். 2011-ல், பாஸ்போர்ட் கணக்குப்படி நூறு வயதில், டொராண்டோவில் முழு மாரத்தான் ஓடி முடித்தார். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ்காரர்கள் சேர்க்கவில்லை. 1911-ல் நம் கிராமத்தில் யாருக்கு ஐயா சான்றிதழ் கொடுத்தார்கள்? அது கிடக்கட்டும். அவ்வளவு ஓடிய மனிதர் 2025 ஜூலையில், தன் சொந்த ஊருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வண்டி மோதி இறந்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்த டி.வி.எஸ். லைட்தான் கண்ணுக்குள் நின்றது.

அரசு இதை யோசிக்காமல் இல்லை. 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்று என்று எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தார்கள், "நடப்போம் நலம் பெறுவோம்" என்ற பெயரில். சுகாதார அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன் தாமே மாரத்தான் ஓடுகிறவர், ஆகவே அக்கறையோடுதான் செய்தார். ஆனால் மாவட்டத் தலைநகருக்கு நாங்கள் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். நடப்பதற்கு பஸ் பிடித்துப் போனால் டீக்கடைக்காரர்கள் சும்மா விடுவார்களா?

எனவே கண்மாய்க் கரை. எங்கள் கண்மாய்க்குக் கரை இருக்கிறது. பழைய காலத்தில் மாட்டு வண்டி போன அகலம். இப்போது ஒற்றையடிப் பாதையாகக் குறுகிவிட்டது, காரணம் நான் சொல்ல வேண்டியதில்லை, அந்த முள்தான். என் நடைக்கு ஒரு முனையில் இருந்து மறுமுனை இருபது நிமிஷம். மேலே நின்றால் மேற்கே மலை தெரியும், கிழக்கே சூரியன் வருவது தெரியும். தண்ணீர் இருந்தால் கொக்கும் நாரையும் உண்டு. கரையின் சரிவில் மேலும் கீழுமாக நாலு தடவை ஏறி இறங்கினால் அதுவே மலை ஏறின மாதிரி மூச்சு வாங்கும். அந்தப் பையன்களிடம் ஒரு நாள் சவால் விட்டு ஓடச் சொன்னேன். பத்தாவது தடவையில் இடுப்பில் கையை வைத்துவிட்டார்கள்.

இதற்கு ஆகும் செலவைப் பாருங்கள். முள்ளை வேரோடு தூர்க்க வேண்டும், வெட்டிவிட்டால் போதாது, மறு மழைக்கு முளைத்துவிடும். மேலே கிராவல் அடிக்க வேண்டும். கரிசல் மண் மழை பெய்தால் காலை விடாது, செருப்பை வாங்கிக்கொண்டுதான் விடும், அதனால் கிராவல் இல்லாமல் ஐப்பசி கார்த்திகையில் யாரும் கால் வைக்க முடியாது. ஐந்தாறு சோலார் விளக்கு. கலுங்குப் பக்கம் உட்கார ஒரு திண்டு. சிமெண்ட் நடைபாதையும் வேண்டாம், வண்ணக் கல்லும் வேண்டாம், கல்வெட்டும் வேண்டாம். சிமெண்ட் போட்டால் முட்டிக்கும் ஆகாது, கரைக்கும் ஆகாது.

எதிர்ப்புகளும் கேட்டாயிற்று. "பாம்பு இருக்கும்" என்கிறார்கள். முள் போனால் பாம்பும் போகும். "சாயங்காலம் குடிக்கிறவனுக உட்காருவானுக" என்கிறார்கள். இப்போதே அங்கேதான் உட்காருகிறார்கள், இருட்டும் முள்ளும் இருப்பதால்தான் உட்காருகிறார்கள். ஆள் நடமாட்டம் வந்தால் இடம் மாற்றிக்கொள்வார்கள். "கரையில் ஆள் ஓடினால் கரை கெடும்" என்று ஒரு பெரியவர் சொன்னார். இது மட்டும் யோசிக்க வேண்டிய விஷயம். கரையைத் தொடும் எந்த வேலையையும் நீர்வளத் துறையாரிடமோ ஒன்றியத்திலோ கேட்டுத்தான் செய்ய வேண்டும். மாடும் டிராக்டரும் போகும் கரை மனுஷன் காலுக்கு உடையுமா என்பது என் கேள்வி. பதிலை அவர்களே சொல்லட்டும்.

இன்னொன்று, பெண்கள் ஓடினால் சிரிக்கும் வழக்கம். சேலையிலோ நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டோ நாலு பெண்கள் வேகமாக நடந்தாலே, "எங்க, ரேஷன் கடையிலயா தீ பிடிச்சிருக்கு?" என்று கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் மொட்டை மாடியில் எட்டு போட்டு நடக்கிறார்கள். மொட்டை மாடி இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு அதுவும் இல்லை. என்னைக் கேட்டால், கரை தயாரானதும் காலை ஐந்தில் இருந்து ஆறு வரை பெண்களுக்கு என்று ஊரே முடிவு செய்துவிடலாம். நாம் ரிட்டயர்டு ஆட்கள், நமக்கு ஆறு மணிக்கு மேல் என்ன அவசரம்?

நம் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓட்டம் என்று சொன்னதும் நாளைக்கே ஓடக் கிளம்பிவிட வேண்டாம். வெள்ளியங்கிரிக்கு ஏறும் பருவத்தில் நெஞ்சு வலித்து இறந்தவர்களின் செய்தி வருஷா வருஷம் வருகிறது, பலரும் அதற்கு முன் வீட்டு வாசலில்கூட நடக்காதவர்களாக இருப்பார்கள். சர்க்கரை, பிரஷர் இருக்கிறவர்கள் டாக்டரைக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான பயிற்சி போதும் என்கிறது. ஐந்து நாளைக்குப் பிரித்தால் அரை மணி. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகத்துக்கு அளவு. 65 தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாள் நிலை தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் செய்யச் சொல்கிறார்கள். ஒற்றைக் காலில் நிற்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள்.

கரை வந்துவிட்டால் பையன்கள் மலைக்குப் போவதை விட்டுவிடுவார்களா என்று மருமகனிடம் கேட்டேன். "மாசம் ஒரு தடவை போவோம் மாமா. மத்த நாளைக்கு இதுவே போதும். ஆனா கரையில நின்னாலும் சத்தம் கேட்டா திரும்பிப் பாப்போம்ல?" என்றான். அவன் சொல்வது நியாயம். அந்த வேலையைக் கண்மாய்க் கரை செய்யாது. ஆலைக்குள் விதிப்படி எத்தனை பேர் இருக்க வேண்டுமோ அத்தனை பேர், எவ்வளவு மருந்து இருக்க வேண்டுமோ அவ்வளவு மருந்து என்று இருந்தால்தான் அது நடக்கும். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அடுத்த கிராம சபையில் கரை விஷயமாக மனு கொடுக்க எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை முப்பத்தெட்டுக் கையெழுத்து சேர்ந்திருக்கிறது. முதல் கையெழுத்து அந்த டி.வி.எஸ். ஓட்டும் அம்மாவுடையது. டீக்கடையில் கேலி செய்த இருவரில் ஒருவர் போட்டுவிட்டார், இன்னொருவர் யோசிக்கிறார். உள்ளூர் வாசகர்கள் காலை ஆறு மணிக்கு மேல் வந்தால் நான் கலுங்குப் பக்கம்தான் இருப்பேன். பேனா என்னிடம் இருக்கிறது.